கல்லாவிலிருந்து ராஜகிரிக்கு

செஞ்சிக் கோட்டையின் நுழைவுச்சீட்டு வரிசையில் விதிப்படி நின்றவன் நான் ஒருவன்தான். எனக்கு முன்னால் ஒரு மலையேற்றக் குழு கும்பலாக நின்றது. அதில் புதிதாகச் சேர்ந்திருந்த பஜார் கடைக்காரம்மா சொன்னார்:

"கல்லாவுல உக்காந்தா இந்த ராஜகிரி மலை தினமும் என்னையே பாக்குது. இன்னிக்கு உச்சியிலேருந்து என் கடைய நான் பாக்காம எறங்க மாட்டேன்."

"பாதியில ஒரு மண்டபம் இருக்குதுக்கா. முடியலன்னா அங்க உக்காருங்க, எறங்கும்போது கூட்டிக்கிறோம்," என்றார் குழுத்தலைவர்.

"இன்னா தம்பி, நான் மூட்டையா? மெதுவா ஏறுறவங்கதான் முன்னாடி போவணும், அவங்கள யாரும் தாண்டக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"ஆமா, அது எங்க வழக்கம்."

"அப்ப நான்தான் முன்னாடி. நான் உக்காந்தா எல்லாரும் உக்காருங்க. எழுந்தா எழுந்திருங்க."

தலைவர் தன் விதியில் ஓட்டை தேடினார். கிடைக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டார்.