அமாரோவுக்குப் போட்ட கயிறு

அன்று மதியம் எனக்கு நல்ல பசி, ஐயா. உர்சுலா கட்டிக்கொடுத்த சோள ரொட்டியைப் பிரிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. தன்னை அரசராக ஏற்காத எங்கள் தீவைப் பிடிக்க, அரசர் மிகேலின் கப்பல்கள் பிராயா விரிகுடாவுக்குள் புகுந்து கோட்டையைச் சுட்டுக்கொண்டிருந்தன. படகில் வந்து இறங்கிய அவருடைய சிப்பாய்களை நம்மவர்கள் பாறைமேல் ஏறவிட்டு, துப்பாக்கிமுனைக் கத்தியால் குடலைச் சரித்துக் கடலில் தள்ளினார்கள்.

சண்டை ஓய்ந்தபோது ஐந்து பேர் செங்குத்துப் பாறைக்கு அடியில் சிக்கியிருந்தார்கள். ஆயுதத்தை எறிந்துவிட்டுக் கையைத் தூக்கினார்கள். கடலோ ஏறிக்கொண்டிருந்தது. உயிரோடு மேலே கொண்டுவரச் சொல்லித் தளபதி என்னை அனுப்பினார். துணிக்குச் சாயம் எடுக்கும் பாசியைச் சுரண்டுகிறவர்களைப் பாறையில் கயிறு கட்டி இறக்கி ஏற்றுவதுதான் என் தொழில்.

எட்டிப் பார்த்தேன். ஐவரில் ஒருவன் அமாரோ, உர்சுலாவின் புருஷன். பதினோரு வருடம் என் கயிற்றில் தொங்கியவன். போன வருடம் வேலை தேடிப் பக்கத்துத் தீவுக்குப் போனான். அங்கே மிகேலின் ஆட்கள் பிடித்துப் படையில் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவன் பிணத்தைக் கண்ணால் கண்டதாகப் பாதிரியாரிடம் சிலுவையைத் தொட்டுப் பொய்ச் சத்தியம் செய்திருந்தேன். வருகிற ஞாயிறு எனக்கும் உர்சுலாவுக்கும் கல்யாணம்.

"டேய் கஸ்பாரு! நீயா மேல? அட கடவுளே, பொழச்சோம்டா!" என்று கத்தினான். மற்றவர்களிடம், "கண்ண மூடிக்கிட்டு ஏறுங்கய்யா. இவன் கை ஒருநாளும் நழுவாது. நான் கடைசியா வர்றேன்" என்றான்.

சிக்கலே அதுதான், ஐயா. என் கை நழுவாது என்பது தீவுக்கே தெரியும். அவனுக்கு மட்டும் நழுவினால் எவன் நம்புவான்? அதனால் முதல் ஆளைப் பாதி உயரத்தில் விட்டேன். மண்டை பிளந்தது. இரண்டாமவன் தயங்கினான், ஆனால் இடுப்பளவு தண்ணீர், வேறு வழியில்லை. அவனையும் விட்டேன். மூன்றாமவன் உடனே சாகவில்லை. துருத்திய பாறையொன்றின்மேல் முதுகு ஒடிந்து, அலை வந்து மூடும்வரை அலறிக்கொண்டு கிடந்தான். நாலாமவன் செபம் சொல்லிக்கொண்டே வந்தான். பாவம், முடிக்கவில்லை.

அப்போதும் அமாரோவுக்கு என்மேல் சந்தேகம் வரவில்லை. "கயிறு நனைஞ்சு கெடக்குடா. கையில மண்ணத் தேய்ச்சுக்க. பதறாத!" என்று எனக்குத் தைரியம் சொன்னான்.

தேய்த்துக்கொண்டேன். அவனை மட்டும் விளிம்புக்குப் பக்கம்வரை இழுத்தேன். ஒருதரம் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

"உர்சுலா நல்லாருக்காளாடா?"

"நல்லாருக்காடா."

பிறகு விட்டேன்.

ஐந்து கொலையும் நான் செய்ததே, எழுதிக்கொள்ளுங்கள். துரோகி என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசியில் அவன் கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னேன். சிநேகிதனிடம் பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை, ஐயா.