பூச்சி இல்லாத குளம்

மலைத் தோட்டங்கள் வழியே பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தா போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண், அருகில் அவளுடைய தோழி.

"குளத்துல பூச்சியே இல்லக்கா. அதான் பயமா இருக்கு," என்றாள் குழந்தைக்காரி.

"பூச்சி இல்லாட்டி நல்லதுதானே லா?"

"தண்ணியத் துணியில வடிகட்டுனா ஊசிமொனையாட்டம் பூச்சி துள்ளுமே, அதுதான் பாசியத் தின்னும். போன வாரம் எங்க வீட்டுக்காரரு பூச்சிமருந்து அடிக்கிற பம்ப அங்க கழுவுனாரு. எல்லாம் செத்து, தண்ணி பச்சையாயிருச்சு."

"லயத்து வீடுங்க எல்லாத்துக்கும் அந்தத் தண்ணிதானே?"

"அதுலதான் பாப்பாவுக்குப் பால் கலந்தேன். நேத்துலருந்து வாந்தி."

"டாக்டர்கிட்ட மருந்து கழுவுனதச் சொல்லிரு."

"சொன்னா தோட்டத்துத் தொரை தன்ன வேலைய விட்டுத் தூக்கிருவாருன்னு அவரு அழுவுறாரு."

நான் படித்தவன், வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் தோழி கேட்டாள்: "என்ன சொல்லப் போற?"

"எல்லாத்தையும் சொல்லுவேன். ஆனா பம்பக் கழுவுனது நான்னு சொல்லுவேன்."