ஆடு தின்ற தரை

"என் தங்கச்சி புருஷன் காவல் காத்த வீட்டுத் தரை மூணு ஆட்டை முழுங்கிட்டு ஏப்பம் விட்டுச்சு. கொம்பை மட்டும் துப்பிடுச்சு!"

ஸ்கேவா கிழவர் இப்படித் தொடங்கினால் விடுதியில் யாரும் எழுந்து போகமாட்டார்கள். ஆயுசு முழுக்கக் கோவேறு கழுதை வண்டி ஓட்டி ஓய்ந்த மனிதர். கணப்புச் சட்டியைச் சுற்றி எல்லாரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். வண்ணக்கல் பதித்துத் தரையில் படம் போடும் பாசுஸ் மட்டும் கொண்டைக்கடலையை வாயில் எறிந்துகொண்டு சிரித்தான்.

"போன தடவை ரெண்டு ஆடுன்னீங்களே, பெருசு?"

"அப்போ அதுக்கு வயிறு சரியில்லடா. கேளு."

நடுச்சாமம். காப்புவா ஊருக்கு வெளியே, கல்லறைகளுக்கு நடுவே போகும் சாலை. கிழவரின் தங்கச்சி புருஷன் டாமா நடந்துகொண்டிருந்தான். ஒரு கையில் ஆட்டுக் கயிறு. மறு கையில் மகள் தெர்த்தியாவின் விரல்கள். ஆடு கத்தியது. பிள்ளை கத்தவில்லை... கத்த முடியாது.

சில நாள் முன்புவரை அவள் வாய் ஓயாது. பாடிக்கொண்டே இருப்பாள். டாமா காவல் காத்த மாளிகையில் எசமானின் தம்பி செத்துப்போனான். பெரிய ஆட்டக்காரன். பின்னால் மற்றவர்கள் பாட, தான் முகமூடி மாட்டி, ஒரு சொல்கூடப் பேசாமல் உடம்பாலேயே கதை சொல்பவன். அவன் நினைவாக அவனுடைய முகமூடியை விருந்துக்கூடத் தரையில் கல்லால் பதிக்கச் செய்தார் எசமான். முதல் விருந்தில் அந்த முகத்தின்மேல் ஓர் அத்திப்பழம் விழுந்தது. மேசையிலிருந்து விழுவது செத்தவர்களுக்கு. யாரும் தொடமாட்டார்கள். தெர்த்தியா எடுத்தாள்... கடித்தாள்.

மறுநாள் குரல் கம்மியது. அதற்கு மறுநாள் வெறும் காற்று. அன்றிரவு பூட்டிய கூடத்துக்குள்ளிருந்து அவள் பாட்டுக் கேட்டது. அவளோ டாமாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

டாமா அந்த முகத்தின்மேல் அத்திப்பழம் கொட்டினான், கூடை கூடையாக. தேன் ஊற்றினான். ஆடு விட்டான். விடிவதற்குள் எல்லாம் காணாமல் போகும். குரல் மட்டும் திரும்பாது.

இது மூன்றாவது ஆடு. குரல் வந்தால் புகுந்துகொள்ள வாய் பக்கத்தில் வேண்டுமே என்று இந்தமுறை பிள்ளையையும் அழைத்து வந்திருந்தான். கூடத்தைத் திறந்தான். ஈரச் சுண்ணாம்பு வாடை. அழுகிய அத்தியின் வாடை. அங்கிருந்த விளக்கை ஏற்றித் தரையில் வைத்தான். கல் முகத்தில் வாய் கிணறு மாதிரி திறந்து கிடந்தது.

"ஐயா... சின்னப் புள்ளை. தெரியாம எடுத்துடுச்சு. என் குரலை எடுத்துக்குங்க... அவளுதைக் குடுத்துடுங்க."

நற... நற... கல்லோடு கல் உரசியது. விளக்கு அணைந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. ஆட்டின் கத்தல் பாதியில் நின்றது.

பிறகு, காலுக்கடியிலிருந்து தெர்த்தியாவின் குரல்:

"அப்பா... பசிக்குது."

பக்கத்தில் தெர்த்தியா அவன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் தோள் குலுங்குவது கை வழியே தெரிந்தது. சத்தமே இல்லை. டாமா நின்றான்... வேறென்ன செய்வான்? நின்றுகொண்டே இருந்தான்.

"அப்புறம்?" என்றாள் விடுதிக்காரி.

"அப்புறம் என்னம்மா... இன்னும் ஆடு வாங்கிட்டுத்தான் இருக்கான். சந்தையில கேட்டுப் பாரு."

இப்போது சிரிப்பான் என்று எல்லாரும் பாசுஸைப் பார்த்தார்கள். கடலை அவன் கையிலேயே இருந்தது.

"நடந்ததுதான்," என்றான் மெதுவாக. "அந்தத் தரையைப் போட்டவன் நான்."

"அப்படிச் சொல்லு! வாயை ஏன்டா அவ்வளவு பெருசா வச்சுத் தொலைச்சே?"

"நான் வைக்கலை, பெருசு. வசனம் பேசுறவன் முகமூடிக்குத்தான் திறந்த வாய். ஆடுறவனுக்கு உதடு மூடியிருக்கும்... மூடித்தான் பதிச்சேன். போன வாரம் பழுதுன்னு கூப்பிட்டாங்க. திறந்து கிடந்துச்சு. கல்லு உதிர்ந்திருக்கும்னு கையை விட்டுப் பாத்தேன்..."

தோள்வரை கையைத் தடவிக்கொண்டான்.

"அடி தட்டலை."