மாப்பிள்ளை கழற்றச் சொன்ன பல்பு

பழைய காரின் டேஷ்போர்டில் முள்ளும் விளக்கும் பொய் சொல்லும் என்பார்கள். அது வீண்பழி. முப்பத்தொரு வருடமாக வண்டி பழுது பார்க்கிறேன், பொய் சொன்ன முள் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. எங்காவது வயர் உரசியிருக்கும், அவ்வளவுதான். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டி என் மாப்பிள்ளையுடையது. அவர் பிறப்பதற்கு முன்பே ரோட்டில் ஓடிய வண்டி. கல்யாணத்துக்குப் பிறகு அவரும் என் மகளும் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். என் மனைவி இறந்த பிறகு, தலைக்கு மேல் கேட்கும் அந்தக் காலடிச் சத்தத்தை நம்பித்தான் நான் காலையில் எழுந்தேன். அப்புறம் அவருக்கு மலைக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்தது. பேத்தி அப்போதுதான் 'தாத்தா' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

"நீங்களும் எங்களோட வந்துடுங்கப்பா" என்றாள் மகள். அடுத்தவர் வீட்டில் போய் உட்கார எனக்கு வராது.

மாப்பிள்ளை பயந்த சுபாவம். டேஷ்போர்டில் எது மினுக்கென்றாலும் வண்டியைத் திருப்பிவிடுவார். குடும்பத்தோடு முதல் முறை கிளம்பியபோது, எஞ்சின் சூடு காட்டும் முள்ளுக்குப் போகிற வயரை இரும்பில் லேசாக உரசும்படி விட்டேன். ஊரைத் தாண்டுவதற்குள் முள் உச்சிக்கு ஏறிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் வீட்டில். அடுத்த வாரம் ஆயில் விளக்கு. அதற்கடுத்த வாரம், பிரேக் எண்ணெய் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நான்கூட அவர்களோடு சேர்ந்து அலுத்துக்கொண்டேன்.

நாலாவது முறை பேத்திக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும் என்று மாப்பிள்ளை தனியாகக் கிளம்பினார். மகளும் குழந்தையும் அடுத்த வாரம் ரயிலில் போவதாக ஏற்பாடு. அன்று காலை அவர் சாவியைத் திருப்பியதும் பிரேக் விளக்கு எரிந்தது. சத்தியமாக அன்று நான் எதையும் தொடவில்லை. குனிந்து பார்த்தேன். பின்சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டேன், பிரேக் எண்ணெய். அந்தக் காலத்து வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் போக ஒரே வழிதான். ஓரிடத்தில் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போய்விடும்.

"மறுபடியும் இதுதானா மாமா?" என்று சிரித்தார் மாப்பிள்ளை. "இது சும்மாவே எரியும். அந்த பல்பைக் கழட்டிடுங்க, வழி முழுக்க கண்ணை உறுத்தும்."

மகள் குழந்தையைத் தோளில் போட்டபடி வாசலில் நின்றாள். "நல்லா பாத்துட்டுக் கழட்டுங்கப்பா. மலைப்பாதை."

நீங்கள் கேட்பது நியாயம். விரலை நீட்டிக் காட்டியிருந்தாலே போதும். குழாயை மாற்ற ஒரு மணி நேரம். மாற்றியிருந்தால் அவர் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். அடுத்த வாரம் இவர்களும் போயிருப்பார்கள். மாடியில் சத்தமே இருக்காது. அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

விரலைத் துணியில் துடைத்துவிட்டு பல்பைக் கழற்றினேன். "பாத்துட்டேன்மா, ஒண்ணும் இல்ல" என்றேன். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவங்களப் பாத்துக்கோங்க மாமா" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இறக்கத்தில் ஏழாவது வளைவில் வண்டி நிற்கவில்லை. மத்தியானம் போன் வந்தது. மகள் மாடிப்படியில் சரிந்து விழுந்தபோது நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன்.

ரயில் டிக்கெட்டை ரத்து செய்தாகிவிட்டது. மகள் மாடிக்குப் போவதே இல்லை. கீழ் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், ஒரு வாய் ஊட்டிவிட்டால் சாப்பிடுகிறாள். குழந்தை என் மடியில்தான் தூங்குகிறது.

தெரிந்தே செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சாயங்காலத்துக்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என் மகளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.