ஒரு கோடு எண்ணெய்

பேப்பர் பில்டரைக் கழுவக் கூடாது. அலோர் காஜாவில் உஸ்மான் பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பத்தொன்பது வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கழுவி மாட்டிவிட்டு, காடி எஞ்சின் இழுக்கவில்லை என்று வந்து நிற்பவர்கள் இன்னும் குறையவில்லை.

தமிழிலேயே எழுதலாம் என்றீர்கள், இன்ஸ்பெக்டர். நன்றி. மலாயும் எனக்கு நன்றாக வரும். ஆனால் களைப்பாக இருக்கிறது. பவானேஸ்வரி என்ற பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நீங்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டீர்கள். அதனால் பில்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றது தானாகப் புரியும்.

எஞ்சின் இழுக்கும் காற்றிலிருந்து தூசியை நிறுத்துவது ஏர் பில்டர். சாதாரணக் காடிக்குப் பேப்பர் போதும். கறுத்துப்போனால் வீசிவிட்டு வேறு போடலாம். ஸ்போர்ட்ஸ் காடி வைத்திருக்கும் பையன்கள் பருத்தித் துணியில் செய்ததைக் கேட்பார்கள். காற்று தாராளமாகப் போகும், சத்தமும் கம்பீரமாக இருக்கும். அதைத் தூக்கிப் போட வேண்டாம். கழுவி, நிழலில் காயவைத்து, மடிப்புக்கு மடிப்பு சிவப்பு எண்ணெய் ஒரு கோடு விட வேண்டும். ஒரே ஒரு கோடு. துணி அதை இழுத்துப் பரவும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் யாரும் பொறுப்பதில்லை. எஸ்டேட்டுக்குள் போகும் பாதையெல்லாம் செம்மண். தூசி அதிகம், அதனால் எண்ணெயும் அதிகம் வேண்டும் என்று லாரிக்காரர்கள் ஆரம்பித்த பழக்கம் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. பாட்டிலையே கவிழ்த்துவிடுவார்கள். பழைய லாரிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. இப்போதைய காடிகளில் பில்டருக்குப் பின்னால் காற்றை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது, அதற்குள் முடியைப் போல ஒரு கம்பி. மிஞ்சின எண்ணெய் அந்தக் கம்பியில் போய்ப் படியும். மெதுவாக ஓட்டும்போது தெரியாது. திடீரென்று முழுசாக மிதித்தால் ஒரு நொடி, சில நேரம் இரண்டு நொடி, எஞ்சின் யோசிக்கும்.

இதெல்லாம் பாட்டிலின் பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. கடையில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான்.

என் மகன் நிவேந்திரனுக்கு இருபத்து மூன்று வயது. அவன் பள்ளிக்கூடம் போகும்போதே அவன் அப்பா தவறிவிட்டார். கிஷன் அவனுடைய கூட்டாளி. செலண்டாருக்குப் பக்கத்தில் எஸ்டேட் வீட்டில் தன் அம்மாவோடு இருந்தான். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் காடி, இரண்டு கதவு, கருநீலம். கிஷன் பெயரில் இருந்தாலும் இருவரும் சேர்ந்து ஆறு மாதம் அலைந்து பிடித்தது. ஜனவரியில் ஒரு மாலை அது செலண்டார் சாலையை விட்டு விலகி, செம்பனை மரங்களுக்குள் உருண்டது. நிவேந்திரன் பெல்ட் போடவில்லை. வெளியே வீசப்பட்டு அங்கேயே இறந்தான். கிஷனுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

கொள்ளி வைக்க எனக்கு வேறு ஆண்பிள்ளை இல்லை. கிஷன்தான் கையில் கட்டோடு மொட்டை அடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எல்லாவற்றையும் ஒரு கையாலேயே செய்தான். குடம் கனத்தது, யார் வாங்க வந்தும் கொடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு என் நாத்தனார் மோகனா வந்திருந்தாள். பந்தியில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "தகப்பன் இல்லாத புள்ள. கண்டிச்சு வளத்திருந்தா இப்படிப் பறந்திருப்பானா?"

நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கிஷன் இலையை விட்டு எழுந்தான்.

"அவன் பறக்கல அத்தை. நான்தான் ஓட்டினேன். அவன் சும்மா பக்கத்துல ஒக்காந்திருந்தான்."

மோகனா குனிந்து சோற்றைப் பிசைந்தாள். பதினாறு நாளில் அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது. என் பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தான்.

மார்ச்சில் உங்கள் கடிதம் வந்தது. பெட்ரோல் நிலையத்துக் கேமராவில் நிவேந்திரன் ஓட்டுநர் பக்கம் ஏறுவது தெரிகிறது, அதற்கு மூன்று நிமிடம் கழித்து விபத்து, ஓட்டியவர் இறந்தவரே என்று எழுதியிருந்தது. படித்தேன். மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன்.

அந்த வாரம் கிஷன் வந்தபோது கேட்டேன். "போலீஸ்ல நீ என்னப்பா சொன்ன?"

அவன் தன் செருப்பைப் பார்த்தான். "அவங்க என்னமோ எழுதிக்கிட்டாங்க ஆண்ட்டி. உங்ககிட்ட சொன்னதுதான் உண்மை. நான்தான்."

இரண்டாவது தடவை சொல்கிறான். தன் தப்பை ஒருவன் இரண்டு தடவை ஒப்புக்கொண்ட பிறகு அதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

காடியை அவன் விற்கவில்லை. ஜூன் கடைசியில் சரிசெய்து கடைக்குக் கொண்டுவந்தான். "நிவேன் பிடிவாதமா கேட்ட கலர் ஆண்ட்டி. விக்க மனசு வரல," என்றான். பில்டர் எது போடலாம் என்று என்னைக் கேட்டான். பேப்பரே போதும் என்று சொல்லியிருக்கலாம். பருத்தியை எடுத்துக் கொடுத்தேன். "சனிக்கிழமை சனிக்கிழமை கொண்டா. நானே பார்த்துத் தரேன்," என்றேன். வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும், அந்தப் பொருளுக்கு. அவனுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் வந்திருப்பான். என் வாயால் வா என்று சொன்னதே அவனுக்குப் பெரிது.

அப்படியே வந்தான். வரும்போது பசாரிலிருந்து கீரையோ மீனோ எனக்கு வாங்கி வருவான். கடைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நான் பில்டரோடு உட்காருவேன். அவன் பக்கத்தில் குந்திக்கொண்டு நிவேந்திரனைப் பற்றிப் பேசுவான். முதல் வாரம் இரண்டு கோடு விட்டேன். மூன்றாம் வாரம் மூன்று.

உஸ்மான் பாய் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். "என்ன பவானி, அதுல வடை சுடப்போறியா?"

எனக்கு முன்னால் கிஷனே பதில் சொன்னான். "செம்மண் ரோடு பாய். எங்க எஸ்டேட்டுல ஒரு நாள் வந்து நில்லுங்க, நீங்களே மூக்குக்கு ஒரு பில்டர் கேப்பீங்க."

"என் மூக்கு சைசுக்கு லாரி பில்டர்தான்டா வேணும்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்டில் வந்து, "காடி செம்புட் ஆவுதுலா ஆண்ட்டி," என்றான். மூச்சு முட்டுவதற்கு மலாயில் உள்ள வார்த்தை. காடிக்கும் அதைத்தான் சொல்கிறோம். "ஓவர்டேக் பண்றப்ப மிதிச்சா வரமாட்டேங்குது. ஜாசின்ல ஒரு மெக்கானிக் பார்த்துட்டு, சென்சார் அழுக்கா இருக்கும், ஸ்பிரே அடிச்சா போயிடும்கிறாரு. அடிக்கச் சொல்லவா?"

பத்து நிமிட வேலை. அந்த ஸ்பிரே என் முதுகுக்குப் பின்னால் அலமாரியிலேயே இருந்தது.

"கண்டவன் கையில குடுக்காதப்பா. அந்தக் கம்பி அறுந்துட்டா காடியே போச்சு. பெட்ரோல மாத்திப் பாரு."

"நீங்க சொன்னா சரி ஆண்ட்டி."

செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை நாலு கோடு விட்டேன். துணி இழுக்கும்வரை பொறுக்கவில்லை. சொட்டச் சொட்ட மாட்டினேன். மதியம் மூன்று மணி இருக்கும். அவன் கிளம்பும்போது, "கிளேபாங் போயிட்டு வரேன் ஆண்ட்டி. அம்மா தேங்கா ஷேக் கேட்டாங்க. உங்களுக்கும் ஒன்னு?" என்றான்.

"ஐஸ் கம்மியா வாங்கிட்டு வா," என்றேன்.

திரும்பும் வழியில், சுங்கை ஊடாங் தாண்டி, செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்றை முந்தினான். எதிரில் மணல் லாரி. முந்திவிடக்கூடிய தூரம்தான், நடுவில் காடி தயங்கியது போல இருந்தது என்று பின்னால் வந்தவர் சொல்லியிருக்கிறார். மணல் லாரி ஓட்டியவர் இன்னும் ஊன்றுகோலில் நடக்கிறாராம். அவரை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

வேகம், கவனக்குறைவு என்று எழுதி உங்கள் ஆட்கள் முடித்துவிட்டார்கள். நானும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் மட்டும் கை சும்மா இருந்தது.

போன திங்கட்கிழமை கிஷனின் அம்மா விஜயராணி கடைக்கு வந்தார். நாற்காலி எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"எம் பையன் வெறி புடிச்சு ஓட்டிச் செத்தான்னு எஸ்டேட்டுல பேசுறாங்கக்கா. காடிய நீங்கதான பார்த்துக் குடுத்தீங்க. அதுல ஏதோ கோளாறு இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். பொய்யா இருந்தாலும் பரவால்ல. பெத்தவளுக்கு அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கடைச் சாவியை உஸ்மான் பாயிடம் கொடுத்துவிட்டு, உங்களிடம் வந்தேன்.

ஆகவே குறித்துக்கொள்ளுங்கள். கிஷன் வெறி பிடித்து ஓட்டவில்லை. தூரம் பார்த்து, சரியாகத்தான் முந்தினான். அவனைக் கொன்றது நான். பதினோரு சனிக்கிழமை, தெரிந்தே, வேண்டுமென்றே. காடி இன்னும் உங்கள் வளாகத்தில்தான் கிடக்கிறது. பில்டரைக் கழற்றிப் பாருங்கள். இதைப் படித்துக் காட்டும்போது விஜயராணியிடம், உங்கள் பிள்ளை மேல் தப்பு இல்லை என்று சொல்லுங்கள். அவருக்கு அது போதும்.

கடிதத்தைப் படித்த பிறகுமா இதைச் செய்தீர்கள் என்று நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். ஆமாம், படித்த பிறகுதான். கிஷன் ஓட்டவில்லை என்றால் என் பிள்ளையைக் கொன்றது யார்? நீங்கள் சொல்லுங்கள். பிறகு மோகனாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

அந்தக் கேமராப் படத்தைப் போட்டுக் காட்டுகிறேன் என்கிறீர்கள். வேண்டாம், இன்ஸ்பெக்டர். கிஷனை எனக்கு அவன் பத்து வயதிலிருந்து தெரியும். என்னிடம் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.