திரையை இழுத்து விடவா?

என்னம்மா, வெயிலா? கண்ணுல அடிக்குதா? இருங்க, திரையை இழுத்து விடறேன். இந்த ஒரு வளையம் மட்டும் கம்பியில சிக்கிக்கிட்டு எப்பவும் அடம் பிடிக்கும்... ம், வந்துருச்சு. இப்ப சரியா இருக்கா?

திரும்பவும் வெயியா? அதான் மூடிட்டேனேம்மா.

ஓ, கையை அந்தப் பக்கம் காட்டறீங்களா? தோட்டத்துக்கா? இன்னைக்கு வேண்டாம்மா. தரையெல்லாம் ஈரமா கிடக்கு, சக்கரம் வழுக்கும். நேத்தா? நேத்து காத்து ஜாஸ்தி. முந்தாநாள் செடிக்கு மருந்து அடிச்சாங்க. அதுக்கு முந்தின நாள் ஏதோ ஒண்ணு, இப்ப ஞாபகம் இல்ல. எதுக்கும்மா வம்பு? விழுந்து கிழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது? துணி அழுக்காகும், சளி பிடிக்கும். உள்ள என்ன குறை உங்களுக்கு? மின்விசிறி இருக்கு, மெத்தை இருக்கு, சுவத்துல பூப்படம் கூட மாட்டியிருக்காங்க. பூவைப் பாக்கத்தானே வெளியில போகணும்ங்கறீங்க? அதோ இருக்கு, பாருங்க.

தலையை ஆட்டாதீங்க, சீப்பு குத்திடும். பின்னி முடிச்சுடறேன்.

டாக்டர் எழுதினதா? எனக்குத் தெரியாதா என்ன. உங்க தலைமாட்டுலதானே தொங்குது. பக்கவாதம் வந்தவங்களை ஒரே அறையில அடைச்சு வைக்கக் கூடாது, தினமும் பத்துலேருந்து பதினொண்ணு வரைக்கும் வெளியில கொண்டு போகணும், காத்து படணும், மரம் மட்டையைப் பாக்கணும், அப்பத்தான் பேச்சு திரும்பும். நல்ல டாக்டர். நல்லாத்தான் எழுதியிருக்காரு. உங்க பையனும் அதைப் படிச்சுட்டுப் புதுசா செருப்பு வாங்கிட்டு வந்தாரே, தோட்டத்துக்குப் போட்டுக்கங்கம்மான்னு. இதோ கட்டிலுக்கு அடியில இருக்கு. நான் இந்த அறைக்கு மாறி வந்து இருபத்து மூணு நாளாச்சு. அடிப்பக்கம் பாருங்க, கடையில இருந்த மாதிரியே பளபளன்னு இருக்கு. பையன் செருப்பைத் திருப்பிப் பாக்க மாட்டாரு. யாருமே திருப்பிப் பாக்க மாட்டாங்கம்மா. மேல் பக்கம் சுத்தமா இருந்தா போதும் எல்லாருக்கும்.

நான் இந்த முதியோர் இல்லத்துக்கு வந்தே இருபத்தெட்டு வருஷம் ஆகுது. அதுக்கு முன்னாடி குழந்தைங்ககிட்ட வேலை பாத்தேன். ஆமாம்மா, சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடம். ரெண்டரை வயசுலேருந்து அஞ்சு வயசு வரைக்கும். நான் துணை டீச்சர். பதினெட்டுப் பிள்ளைங்க. எனக்குன்னு வயித்துல ஒண்ணும் தங்கலை, அதனால அந்தப் பதினெட்டும் என் பிள்ளைங்கதான்னு நினைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். பைத்தியக்காரி.

பின்பக்கம் அருமையான முற்றம் ஒண்ணு உண்டு. நிழல் மரம், மணல் குழி, கயித்து ஊஞ்சல். புதுசா சேக்க வர்ற பெத்தவங்களை முதல்ல அங்கதான் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்க. அவங்க போனதும் கதவைப் பூட்டிருவாங்க. சாவி பெரிய மேடம் இடுப்புல. வெள்ளைக் காலுறை அழுக்காகும், விழுந்தா யாரு பதில் சொல்றது, சளி பிடிக்கும், உள்ள என்ன குறை... எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?

அந்த மோதிரத்தால நாற்காலிக் கையில தட்டாதீங்க. டக், டக், டக். அந்தப் பள்ளிக்கூடத்துல இந்தச் சத்தம் கேட்டா பதினெட்டுப் பிள்ளைங்களும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திரும். இருபத்து மூணு நாள் முன்னாடி இந்த அறைக்குள்ள நான் தண்ணி ஜாடியோட நுழையறேன், இந்தச் சத்தம். முப்பத்தோரு வருஷம் கழிச்சு என் முதுகு தானா நிமிருது! முகம் கோணிப் போயிருந்துச்சு, முடி கொட்டியிருந்துச்சு, அடையாளமே தெரியலை. மோதிரம் காட்டிக் குடுத்துருச்சு. இனி எதுக்கு அம்மான்னு கூப்பிடணும்? பழைய மாதிரி மேடம்னே கூப்பிடறேன். அதுதானே உங்களுக்குப் பிடிக்கும்?

கண்ணை அகட்டாதீங்க மேடம். நான்தான். அப்ப எனக்கு இடுப்பு வரைக்கும் பின்னல் இருந்துச்சு. இப்ப எலுமிச்சங்காய் அளவுக்குக் கொண்டை. அவ்வளவுதான் வித்தியாசம்.

வாத்தை ஞாபகம் இருக்கா? நடை ஒரு மாதிரி ஆடி ஆடி வரும், அதனால எல்லாரும் வாத்துன்னு கூப்பிட்டோம். மூணு வயசுப் பொண்ணு. பேச்சே வரலை. அம்மான்னு கூட சொல்லாது. காலையில வந்ததும் முற்றத்து ஜன்னல்கிட்டப் போய் நின்னுக்கும். கண்ணாடியில மூக்கை அழுத்தி, மூச்சால ஒரு வட்டம் வரைஞ்சு, அந்த வட்டத்துக்குள்ள பாத்து ஒரே ஒரு சொல் சொல்லும். வெயி. வெயி. வெயி. நீங்க என்ன சொன்னீங்க? பாவம், பிள்ளைக்கு வெயில் கண்ணுல அடிக்குது போல, திரையை இழுத்து விடுங்கன்னு சொன்னீங்க. நான்தான் இழுத்து விடுவேன். தினமும். அந்தத் திரையிலயும் ஒரு வளையம் சிக்கும் மேடம்.

அப்புறம் அந்தப் பதிவேடு. ஒண்ணாம் தேதி அன்னைக்கே மாசம் முழுக்க என்னை உக்கார வெச்சு எழுதச் சொல்லுவீங்க. பத்துலேருந்து பதினொண்ணு, வெளிவிளையாட்டு. குழந்தைகள் மகிழ்ச்சியாக இருந்தனர். முப்பது வரிசை. பேனாவை மாத்தி மாத்தி எழுது, அப்பத்தான் இயல்பா இருக்கும்னு கத்துக் குடுத்தீங்க. அந்தப் பதிவேட்டைப் பாத்துத்தான் உங்களுக்குத் தரச் சான்று குடுத்தாங்க. சிறந்த பராமரிப்புன்னு தங்க எழுத்துல.

அதை வாங்கிக்க நீங்க போன அன்னைக்குத்தானே சாவிக்கொத்தை என்கிட்டக் குடுத்தீங்க. தண்ணித் தொட்டி கழுவ ஆள் வருவான், கதவைத் திறந்து விடுன்னு. ஆள் வரலை. தூறல் வந்துச்சு. நான் கதவைத் திறந்தேன்.

நீங்க பாக்கலையே அதை! பதினெட்டும் வாசப்படியிலயே நின்னுச்சுங்க. யாருக்கும் கால் வைக்கத் தெரியலை. ஒரு பொண்ணு என் முந்தானையைப் பிடிச்சு இழுத்து, டீச்சர், தரை நனைஞ்சிருக்கே, இதை யாரு துடைப்பாங்கன்னு கேட்டுச்சு. நான் சிரிச்சுட்டேன். அப்புறம் திரும்பி நின்னு அழுதேன். அப்புறம் ஒவ்வொண்ணா இறங்குச்சு. ஒருத்தன் மண்புழுவைக் கையில வெச்சுக்கிட்டு அதுக்குப் பேரு கேக்கறான். இன்னொண்ணு வாய் நிறைய மண்ணு. மண்ணைத் தின்ன பிள்ளை வாயைத் திறந்தப்ப உள்ள உலகமே தெரிஞ்சுச்சுன்னு தினமும் காலையில பாட்டுப் படிக்கறேன் மேடம். நீங்க மட்டும் அந்த அம்மா இடத்துல இருந்திருந்தா, உலகம் தெரியறதுக்கு முன்னாடியே வாயைத் துடைச்சு விட்டிருப்பீங்க.

வாத்து நேரா மணல் குழியில தேங்கியிருந்த குட்டையில போய் உக்காந்துச்சு. ரெண்டு கையாலயும் தண்ணியை அடிச்சுச்சு. அண்ணாந்து பாத்து, கையை இப்படி அகல விரிச்சு, சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. வெயி!

அன்னைக்கு வானத்துல வெயிலே இல்ல மேடம். கருகருன்னு மேகம். அப்பத்தான் என் மண்டையில உறைச்சுச்சு. அது வெயில் இல்ல. வெளி. ளகரம் நாக்குல நிக்கலை, அவ்வளவுதான். ஒரு வருஷமா அந்தப் பிள்ளை வெளி, வெளின்னு கேட்டிருக்கு. நாம திரை போட்டிருக்கோம். வெளிங்கறது என்ன லேசான சொல்லா? கடவுளே அதுலதான் நிக்கறாருன்னு பெரியவங்க பாடி வெச்சிருக்காங்க. மூணு வயசுல அதைக் கேட்டுச்சு அது. திரையை இழுத்தது இந்தக் கை.

நீங்க வந்தீங்க. ஒரு கையில சான்று, மாலை. இன்னொரு கையால வாத்தைக் குட்டையிலேருந்து தூக்கி உள்ள தள்ளினீங்க. பிள்ளைங்க முன்னாடியே என்னை வெளியில போன்னு சொன்னீங்க. சரியான சொல்தான். நான் வாசலைத் தாண்டற வரைக்கும் அந்த ஜன்னல்லேருந்து வெயி, வெயின்னு கத்தல் கேட்டுச்சு. அப்புறம் டக், டக், டக். அப்புறம் ஒண்ணும் கேக்கலை.

போறவளுக்கு ஒரு சான்றிதழ் வேற குடுத்தீங்களே. குழந்தைகளைப் பராமரிக்கும் பணிக்கு இவர் தகுதியற்றவர். உங்க கையெழுத்து, முத்திரை. மூணு வருஷம் எந்தப் பள்ளிக்கூடத்துப் படியிலயும் என்னை ஏற விடலை அது. அதுக்கப்புறம் இந்த நாள் வரைக்கும் ஒரு பிள்ளைக்கு நான் மூக்குத் துடைச்சு விட்டதில்ல. ஆனா பாருங்க, நீங்க குழந்தைகளைன்னு மட்டும்தானே எழுதினீங்க? பெரியவங்களைப் பத்தி ஒண்ணும் எழுதலை. அதான் இங்க சேத்துக்கிட்டாங்க.

பாவம்தான். தெரியாம இல்ல. விடியக்காலையில எழுந்து, விளக்கேத்தி, உருகி உருகிப் பாடறேன். மத்த அறையில இருக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க, தங்கமான மனுஷிம்பாங்க. எல்லாரையும் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், கீழ விழுந்த இலையைக் கூட எடுத்துக் கையில குடுக்கறேன். பாடி முடிச்சு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, நேரா இந்த அறைக்குத்தான் வர்றேன். அரசன் அன்னைக்கே கொல்லுவான், தெய்வம் நின்னு கொல்லும்பாங்களே. அதுக்கும் பக்கத்துல நிக்க ஒரு ஆள் வேணும்ல? நான் நிக்கறேன்.

பையன்கிட்டச் சொல்லணுமா? சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை வருவாரு. ஆனா அவரு கேக்கறது உங்களை இல்ல, பதிவேட்டை. இதோ பாருங்க, இந்த மாசம் முழுக்க எழுதி வெச்சிருக்கேன், ஒண்ணாம் தேதியே. பத்துலேருந்து பதினொண்ணு, தோட்டத்தில் உலா. நீல மை, கறுப்பு மை, நடுவுல ஒரு நாள் பென்சில். நீங்க சொல்லிக் குடுத்த தொழில் மறக்கலை. போன வாரம் வந்தப்பக் கூட படிச்சுட்டு, என் கையைப் பிடிச்சு நன்றி சொன்னாரு.

என்ன மேடம்? திரும்பவுமா? வெயியா?

முழுசாச் சொல்லுங்களேன். நாக்கை மேல மடக்கி. ளி. ளி. முழுசாக் கேட்டாத்தான் குடுக்கணும்னு பிள்ளைங்களுக்கு நீங்க வெச்ச சட்டம்தானே? ... வரலையா? பரவாயில்ல. வெளியில போனா வந்துரும்னு டாக்டர் எழுதியிருக்காரு.

ஜன்னலைத்தானே பாக்கறீங்க. காலையிலேருந்து மூட்டமாத்தான் இருக்கு மேடம். இன்னைக்கு வெயிலே இல்ல. முதல் நாளே எனக்குத் தெரியும், நீங்க எதைக் கேக்கறீங்கன்னு.

ஐயோ, என்ன இது, கண்ணுல தண்ணி? அழக் கூடாது மேடம். மகிழ்ச்சியாக இருந்தார்னு நான் எழுதி முடிச்சுட்டேனே.