மாசாணிக்கு அரைச்ச மொளகா

…அந்தப் பையன் குத்துன குத்துலதானுங்க அம்மணி என்ற கையே கெட்டுப்போச்சு! நல்லா ஓடிட்டு இருந்த கை. டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்குன்னே முழங்கைகிட்ட ரெண்டு நரம்ப ஒட்டுப்போட்டு விட்டாங்கல்ல, உங்களுக்கும் இப்பத்தான் போட்டிருக்காங்களாட்ட இருக்குது, கட்டப் பாத்தாலே தெரியுதே… ஆங், அதேதான். தொட்டா குறுகுறுன்னு அதிருமுங்க. எங்கூட்டுக்காரரு தெனம் காலைல அதுல காத வெச்சு, "பம்புசெட்டு ஓடுதுடி புவனா"ம்பாரு. தோட்டத்து மோட்டாரக்கூட அப்படிப் பாத்ததில்லீங்க அந்த மனுசன்!

ஜபருல்லான்னு பேருங்க, ஊசி குத்தற பையனுக்கு. போன மாசமே ஆரம்பிச்சுட்டான். "அக்கா, மிஷின் கத்துது, கையில அதிர்வு கொறையுது, டாப்ளர் ஸ்கேன் எடுத்துப்போடுங்க"ன்னு. ஏனுங்க, எனக்கு வேற சோலி இல்லையா? தம்பிக்குக் கல்யாணம்! சுரேந்தருக்கு முப்பத்தெட்டு வயசு. நம்ம பக்கம் பொண்ணு கெடைக்கறது என்ன லேசுப்பட்ட காரியமுங்களா? அலைஞ்சு அலைஞ்சு வெள்ளகோவில்ல ஒரு எடம் அமைஞ்சுது. நான் பொடவை எடுப்பனா, இவன் சொல்ற ஸ்கேன எடுப்பனா?

கல்யாணமுன்னா… அட, அந்தச் சமையக்காரன் வெச்ச ரசத்தக் கேளுங்க! வேண்டாமுங்க, கேக்காதீங்க. எனக்குத்தான் அளந்து அளந்து தண்ணி, இதுல ரசத்துக்கு எங்க போறது. இணைச்சீர் மட்டும் ஜோரா நடந்துச்சுங்க. மாப்பிள்ளைக்குப் பக்கத்துல அக்கா நிக்கோணுமல்ல, பேழைக்கூடையத் தூக்கிட்டு? ஒறம்பற பூராவும் என்னையத்தான் பாக்குது. மூஞ்சியவா பாக்கறாங்க? கையத்தான்! பாம்பு சுத்துன மாரி பொடச்சுட்டு இருக்குதல்ல. எங்க நங்கையா, எங்கூட்டுக்காரரோட அக்கா, புருவத்தத் தூக்குனா பாருங்க, எனக்குப் பொக்குனு போச்சு.

அது கெடக்குது. ஞாயித்துக்கெழம கல்யாணம். திங்கக்கெழம டயாலிசிஸ் போனா மிஷின் ஓயாமக் கத்துது! ஜபருல்லா கையத் தொட்டுப் பாத்தான், மொகம் செத்துப்போச்சு. "அக்கா, நாளைக்கே போங்க, நான் ஸ்கேனுக்குச் சொல்லி வெக்கறேன்"ங்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! குத்திக் கெடுத்ததும் நீ, ஸ்கேனுக்கு அனுப்பறதும் நீயா? செவ்வாக்கெழம ஸ்கேனுக்கா போனேன்? நேரா ஆனைமலை! கெடுத்தவன அம்மனே கேக்கட்டுமுன்னு, மாசாணியம்மன் கோயில்ல வரமொளகாய அம்மியில வெச்சு, நங்கு நங்குன்னு அரைச்சேன். ஊசிக் கையில இல்லீங்க, சோத்துக் கையிலதான். அந்த அளவுக்குப் புத்தி இருக்குது.

அவன் பேரச் சொல்லித்தான் அரைக்கோணுமுன்னு போனேன். ஆனா பாருங்க, "சாப்புட்டீங்களாக்கா"ன்னு கேக்காம ஒரு நாளும் ஊசி எடுக்க மாட்டான் அந்தப் பையன். வாயில பேரு வரலீங்க. "என்ற கையக் கெடுத்தது ஆரோ, அவிங்களுக்குத் திகுதிகுன்னு எரியட்டும் தாயே"ன்னு நீதிக்கல்லுல அப்பிப்போட்டு வந்துட்டேன்.

இன்னைக்குத்தான் இந்த ஸ்கேன் ரூமுக்குள்ள போனனுங்க. பிரத்யுஷா டாக்டர், தங்கமான புள்ள. சில்லுன்னு பசையத் தடவி, மிஷின வெச்சு உருட்டுது. உஷ்… உஷ்ஷுன்னு ரத்தம் ஓடற சத்தம் கேக்குது. மேல போகப் போக, கீச்சுன்னு கத்துச்சு பாருங்க! ஓஸ் பைப்ப மிதிச்சா தண்ணி பீச்சுமல்ல, அப்படியாமா. "கொஞ்ச நாளாவே இந்த எடம் சுருங்கிட்டு வந்திருக்குங்க. இப்ப ரத்தமும் கட்டுது. உடனே பலூன் விட்டு விரிச்சுப் பாக்கலாம். அது ஆகலீன்னா மறுபடி கழுத்துல குழாய்தான்"னு சொல்லுச்சு. கழுத்துக் குழாயோட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அழுகையே வந்துருச்சு அம்மணி.

அப்புறம் கேக்குது, "இந்தக் கையில எதாச்சும் இறுக்கமாப் போட்டிருந்தீங்களா?"ன்னு. சேச்சே, இல்லவே இல்லீங்கன்னேன். அந்தப் புள்ள பசையத் தொடச்சுவிட்டு, எடத்தக் காட்டுச்சு. முழங்கைக்கு மேல… இந்தா, பாருங்க. மாங்கா டிசைனு, கல்லு கல்லா, அப்படியே கருப்பா அச்சடிச்சிருக்குது.

வங்கியிங்க. முழங்கைக்கு மேல இறுக்கிப் போடற தங்க வங்கி. பொடச்சத மறைக்கோணுமல்ல? ஏறவே மாட்டேன்னுச்சு, சோப்புப் போட்டு ஏத்துனேன். கல்யாணத்தன்னைக்குக் காலைல இருந்து பந்தி முடியற வரைக்கும் கழட்டல. வெரலெல்லாம் மரமரன்னு போச்சு, அப்பவும் கழட்டல! நங்கையா பாத்துட்டு இருந்தா!

அட, கொஞ்சம் தள்ளி ஏன் உக்காருறீங்க? இருங்க, கட்டுப் போட்ட கையில என்ன அது? வாட்ச்சா? கழட்டுங்க மொதல்ல! ஆங்.

உங்க கையக் குடுங்க… யப்பா, வண்டாட்ட ஓடுது! என்னுதத் தொட்டுப் பாருங்க. ஓடுதுங்களா? … லேசாவா? லேசா ஓடுனாப் போதுமுங்க.

கூப்புடறாங்க, பலூன் வெக்கத்தான்… வாரேனுங்க, வாரேன்! ஏனுங்க, மாசாணிக்கு எண்ணெய்க்காப்பு சாத்துனா அரைச்ச எரிச்சல் தணியுமாமா? யாரக் கெஞ்சறது இப்ப… தாயே, நாந்தான் அது. எரிச்சுக்கோ. இந்த ஒரு கைய மட்டும் உட்டுட்டு, அக்கட்டால வேற எங்கியாச்சும் எரி தாயே!